மண்ணுக்குள் கிடந்த காசு யாருடையது?



தொழிலால் மேசனாகிய ஒருவர் ஒருநாள் மாலை அறைவீட்டு விறாந்தையில் வந்து நின்றார். கையில் ஒரு லேஞ்சி. நாலு மூலையும் சேர்த்து முடிந்திருந்தது. அவிழ்த்துக் காட்டினார். பச்சைக் களிம்பு ஏறிய பன்னிரண்டு சிறு செப்புக் காசுகள். சட்டைப் பொத்தானிலும் சற்றே பெரியவை. ஒன்றிரண்டில் மட்டும் ஒரு தலையின் உருவம் மங்கலாய்த் தெரிந்தது. வலிகாமத்தில் ஒரு வளவில் மலசலகூடத்துக்குக் கிடங்கு வெட்டும்போது ஓட்டுத் துண்டுகளோடு கலந்து வந்தனவாம். வளவுக்காரர் வெளிநாட்டில். வாங்குவதற்கு ஒரு வியாபாரி ஆயத்தமாக இருந்தார்.

“சுவாமி, இதை வித்தால் களவோ? போட்டவன் ஆரெண்டு ஒருதருக்கும் தெரியாது. நான் எடுக்காட்டில் இன்னும் மண்ணுக்கைதானே கிடந்திருக்கும்?” என்று கேட்டார்.

அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. மூத்த மகளின் படிப்புக்குப் பணம் கட்டவேண்டிய நாள் நெருங்கியிருந்தது. “யோசித்துச் சொல்லுகிறேன்” என்று மட்டும் அன்று சொன்னேன். அந்த யோசனையையே இன்று உங்கள் முன் வைக்கிறேன். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதன்று, விறாந்தையில் கேட்டது. அவருடைய சம்மதத்துடனேயே எழுதுகிறேன்.

காசு வந்த வழி

முதலில் அந்தக் காசு எதுவென்று அறிவோம். கந்தரோடையிலும் வல்லிபுரத்திலும் பழைய குடியிருப்புகள் இருந்தன என்பது நம்மவர் அறிந்ததே. யாழ்ப்பாணத்தில் நீதிபதியாகப் பணிபுரிந்த போல் ஈ. பீரிஸ் 1917இலும் 1919இலும் வெளியிட்ட கட்டுரைகளில் கந்தரோடையில் கிடைத்த பழம்பொருள்களை விவரித்தார். அவற்றுள் உரோமப் பேரரசின் காசுகளும் இருந்தன. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அங்கே அகழ்ந்தனர். பாக்கு நீரிணையின் இருகரையும் உரோம வணிகத்தோடு தொடர்புடையனவாக இருந்தன என்பதில் இன்று ஐயமில்லை.

தமிழகத்தில் கிடைத்தவற்றுள் திபேரியஸ் முதலிய முற்காலப் பேரரசர்களின் பொன், வெள்ளிக் காசுகள் பல. இலங்கையில் பெருந்தொகையாய்க் கிடைப்பவை கி.பி. 4ஆம், 5ஆம் நூற்றாண்டுச் செப்புக் காசுகள். கொன்ஸ்தந்தீன் காலத்துக்குப் பின்னர் வந்தவையாதலால் சிலவற்றில் சிலுவை அடையாளமும் உண்டு. அவற்றைப் பார்த்து இந்நாட்டவரே வார்த்த போலிகளும் ஏராளம். இவை அரசனின் பொக்கிஷமல்ல. சந்தையில் கைமாறிய சில்லறை.

இலங்கை மன்னன் ஒருவனைப் பற்றி உரோம எழுத்தாளர் பிளினி ஒரு செய்தி தருகிறார். குளோதியஸ் பேரரசனின் காலத்தில் (கி.பி. 41–54) அன்னியுஸ் புளோக்காமுஸ் என்பவரின் விடுதலை பெற்ற அடிமையொருவன் காற்றில் அகப்பட்டு இத்தீவை வந்தடைந்தான். அவனிடமிருந்த வெள்ளிக் காசுகளை மன்னன் பார்த்தான். வெவ்வேறு முகங்கள்; ஆகவே வெவ்வேறு அரசர் அடித்தவை. எடையோ ஒன்றே. அதைக் கண்டு உரோமரின் நேர்மையை வியந்த மன்னன், தூதர் நால்வரை அவர்களிடம் அனுப்பினானாம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பிளினி தமது நூலை எழுதி முடிப்பதற்குள் அந்த நேர்மை தேயத் தொடங்கிவிட்டது. நீரோ கி.பி. 64இல் வெள்ளிக் காசின் எடையையும் தூய்மையையும் குறைத்தான். மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதி கழிந்தபோது வெள்ளிக் காசென்பது வெள்ளிப் பூச்சுப் பூசிய செம்பாகிவிட்டது. பேரரசின் முகம் மாறவில்லை. உள்ளேயிருந்த வெள்ளி போய்விட்டது. காசைப் பற்றிச் சிந்திப்பவன் மனிதனைப் பற்றியும் சிந்திக்காமல் இருக்க முடியாது.

அக்குவினார் தரும் விடை

குருமடத்தில் ஒழுக்கவியல் படித்த எவரும் இப்படியான கேள்விக்கு முதலில் புனித தோமஸ் அக்குவினாரிடமே போவர். நானும் போனேன். களவைப் பற்றிப் பேசும் இடத்தில் அவர் புதையலைப் பற்றியும் பேசுகிறார். அவருடைய கருத்தின் சாரம் இது: நெடுங்காலத்துக்கு முன் நிலத்தில் மறைக்கப்பட்டு, உரியவர் இறந்து போன பொருளை எடுப்பவன் கள்வன் அல்லன். ஆனால் பிறருடைய நிலத்தில் எடுத்தால், நாட்டுச் சட்டப்படி பாதியை நிலத்துக்குரியவனுக்குக் கொடுக்கவேண்டும். நற்செய்தி உவமையில் புதையலைக் கண்டவன் முழு நிலத்தையும் விலைக்கு வாங்கியது இதனாலேயே என்றும் அவர் விளக்குகிறார்.

அந்தப் பாதிப் பங்குச் சட்டம் உரோமப் பேரரசன் ஹட்ரியன் வகுத்தது. காசில் முகம் பதித்த அரசர் வரிசையில் வந்தவனே, அந்தக் காசு மண்ணிலிருந்து வெளிப்பட்டால் யாருக்கு என்றும் தீர்ப்புச் சொல்லியிருக்கிறான்!

அப்படியானால் மேசன் கள்வரல்லர். வளவுக்காரருக்குப் பாதி கொடுத்தால் போதும் என்று முடித்துவிடலாமா? முடியாது. நாட்டுச் சட்டத்தை மதிக்கும்படி அதே அக்குவினார் சொல்லுகிறாரன்றோ? நம் நாட்டுச் சட்டம் இன்று வேறு. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டத்தின்படி, நிலத்தடியில் கண்டெடுக்கப்படும் தொல்பொருள் அரசுக்குரியது, கண்டெடுத்தவர் அறிவிக்கவேண்டும், அனுமதிப் பத்திரமின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது.

சட்டம் சொல்லிவிட்டது, ஆனால் மனச்சாட்சிக்குக் காரணமும் வேண்டும். காரணம் தெரியாமல் கீழ்ப்படிபவன், காவலன் திரும்பிப் பார்க்காத நேரத்தில் கீழ்ப்படியமாட்டான். அக்குவினாரின் விடையில் ஒரு சொல் என்னை உறுத்தியது: உரியவர் இறந்துவிட்டார். இறந்தவருக்கு நாம் ஒன்றும் கடன்படவில்லையா?

புதைத்தவன் யார்?

“போட்டவன் ஆரெண்டு தெரியாது” என்றார் மேசன். வாசகரே, சற்று நில்லுங்கள். உண்மையிலேயே நமக்குத் தெரியாதா?

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் திகதி இரவை நினைத்துப் பாருங்கள். மழை. செம்மணி வீதி நிறையச் சனம். நான் அப்பொழுது பள்ளிச் சிறுவன். புறப்படுவதற்கு முன்னர் அம்மா ஒரு பித்தளைச் செம்பை எடுத்தார். தம்முடைய இரண்டு காப்பையும், பாட்டியின் செபமாலையையும், கொஞ்சச் சில்லறையையும் அதற்குள் போட்டுச் சீலையால் வாயைக் கட்டினார். மாட்டுக் கொட்டிலுக்குப் பின்னால் ஐயா கிடங்கு வெட்டினார். விளக்குப் பிடித்தவன் நான். இரண்டு கிழமையில் திரும்பி வந்துவிடுவோம் என்று அம்மா சொன்னார்.

ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்தோம். கிடங்கு திறந்து கிடந்தது. சீலைத் துண்டு மட்டும் மண்ணில் மக்கிக் கிடந்தது. அம்மா காப்புக்காக அழவில்லை, செபமாலைக்காக அழுதார்.

எடுத்தவரை நான் இன்று குற்றஞ்சாட்டப் போவதில்லை. அவருக்கும் பசி இருந்திருக்கலாம். “போட்டவன் ஆரெண்டு தெரியாது” என்றே அவரும் தம் மனத்துக்குச் சொல்லியிருப்பார். நமக்கு அது தெரியும். நம்மில் எத்தனை வீட்டார் வளவுக்குள் எதையெதையோ புதைத்துவிட்டுப் போனோம்? எத்தனை பேர் திரும்பி வராமலே போனார்கள்?

ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவன் சில்லறைக் காசை முடிந்து மண்ணுக்குள் வைத்தானென்றால், அவனும் ஏதோ ஒரு பயத்தில் வைத்திருப்பான். திரும்பி வருவேன் என்று நம்பி வைத்திருப்பான். முடிச்சு அங்கேயே கிடந்ததென்றால் அவன் வரவில்லை. தற்செயலாய்க் கைதவறி விழுந்த காசாகவும் இருக்கலாம், அப்பொழுதும் தேடியிருப்பான். மொத்தத்தில் அது அநாதைப் பொருளன்று. அதற்குரியவன் நம்மைப் போன்றவன். நமது முன்னவன் என்றே சொல்லலாம்.

இறந்தவர்களுக்காகச் செபிக்கும் திருச்சபை நாம். கார்த்திகை மாதம் முழுவதும் கல்லறைகளில் மெழுகுதிரி கொளுத்துகிறோம். இறந்தவரோடு நமக்குள்ள உறவு முடிந்துவிடவில்லை என்பது நமது விசுவாசம். அப்படியிருக்க, இறந்தவன் பொருளில் மட்டும் உரியவன் இல்லை என்று எப்படிச் சொல்லுவோம்? அவனுக்குச் செம்பைத் திருப்பிக் கொடுக்க இயலாது. கொடுக்கக்கூடியது ஒன்றுண்டு: அவன் இங்கே வாழ்ந்தான் என்ற நினைவு. அதுவே நாம் அவனுக்குப் பட்ட கடன்.

காசின் நாக்கு

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி வருகிறது. பழங்காசின் விலைமதிப்பில்லாத பகுதி செம்பிலும் இல்லை, அரசன் முகத்திலும் இல்லை. அது கிடந்த இடத்திலே இருக்கிறது. எத்தனை அடி ஆழம்? எந்த நிற மண்? பக்கத்தில் என்ன ஓடு, என்ன மணி, என்ன எலும்பு? இவை தெரிந்தால் காசு பேசும்: இந்த ஊரில் இந்தக் காலத்தில் இப்படியான மக்கள் இருந்தார்கள், கடல் கடந்தவரோடு கொடுக்கல் வாங்கல் செய்தார்கள் என்று சொல்லும். இடத்தை விட்டுப் பிரித்து வியாபாரியின் பையில் போட்டால் அது ஊமை. உலகின் எந்த மூலையிலும் இதேபோன்ற காசு இன்னும் ஆயிரம் கிடைக்கும். கிடந்த இடம் மட்டும் திரும்பக் கிடையாது.

ஆகவே பழங்காசை இரகசியமாய்த் தோண்டி விற்பதிலுள்ள குற்றம் வெறும் பொருட்களவு அன்று. அது ஒரு சாட்சியின் வாயை அடைப்பது. பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது கற்பனை. சாட்சியே இல்லாமற் செய்வதும் அதே கற்பனையின் நிழலில் அடங்குமென்றே நான் எண்ணுகிறேன்.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும். எனக்குக் கேட்கிறது. “சுவாமி, அறிவித்தால் கொண்டுபோய்விடுவார்கள். கொழும்புக்குப் போனது திரும்பி வருமோ? நம்முடைய கதையை வேறு கதையாக்கிவிடமாட்டார்களோ?” இந்த அச்சத்தை நான் கேலி செய்யமாட்டேன். 1981இல் தன் நூலகம் எரிந்ததைக் கண்ட சமூகம் இது. பழம்பொருள் என்றாலே யாருடைய மதம், யாருடைய இனம் என்ற சண்டை கந்தரோடை மண்ணிலும் நடந்திருக்கிறது, நடக்கிறது.

ஆனால் சற்று ஆழமாய் நோக்குவோம். இடம் தெரியாத காசுக்கு எவரும் எந்தக் கதையையும் கட்டலாம். இடமும் நாளும் படமும் எழுத்தில் இருக்கும் காசுக்குக் கதை கட்டுவது கடினம். எனவே வரலாறு திரிக்கப்படுமென்று அஞ்சுபவர் செய்யவேண்டியது ஒளிப்பதன்று, எழுதுவது. கண்ட இடத்திலேயே படம் எடுங்கள். ஆழத்தை அளந்து எழுதுங்கள். கூட இருந்த ஓட்டுத் துண்டையும் எறியாதீர்கள். நமது பல்கலைக்கழகத்தில் வரலாறும் தொல்லியலும் படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கும் சொல்லுங்கள். சட்டப்படி அறிவிக்கும்போது பலபேர் அறிய அறிவியுங்கள். உண்மைக்கு அரண் வெளிச்சமே.

சேர்ப்பவர் குற்றவாளியா?

பழங்காசு சேர்ப்பதே பாவம் என்று நான் சொல்லுகிறேனோ? இல்லை. இத்தாலியக் கவிஞர் பெத்ரார்க்கா பழைய உரோமக் காசுகளைச் சேர்த்து வைத்திருந்தார். 1354இல் பேரரசர் நான்காம் சாள்சைச் சந்தித்தபோது சிலவற்றை அவருக்குப் பரிசளித்தார். இம்முகங்களைப் பார்த்து, இவர்களுள் நல்லவர்களைப் போல நடவுங்கள் என்பதே அவர் சொன்னதன் கருத்து. அவருக்குக் காசு ஒரு கண்ணாடி. வத்திக்கான் நூலகத்திலும் பெரியதொரு நாணயத் தொகுதி பேணப்படுகிறது.

நமக்கு அண்மையிலும் ஓர் உதாரணம் உண்டு. ‘தினமலர்’ ஆசிரியராயிருந்து 2021இல் மறைந்த இரா. கிருஷ்ணமூர்த்தி பத்திரிகைப் பணிக்கிடையே பழங்காசு ஆராய்ச்சியில் ஈடுபட்டார். கரூரிலே அமராவதி ஆற்றுப் படுகையில் அகப்பட்ட காசுகளையும், மதுரையில் கிடைத்தவற்றையும் தேடிச் சேர்த்துப் படித்தார். பிற்கால உரோமச் செப்புக் காசுகளைப் பற்றி 1994இல் ஒரு நூலே வெளியிட்டார். அவர் சேர்த்தவை அலுமாரியோடு நிற்கவில்லை. அறிவாக மாறி எல்லோரிடமும் வந்தன.

ஆகவே வேற்றுமை சேர்ப்பதில் இல்லை. எதற்காகச் சேர்க்கிறோம் என்பதில் இருக்கிறது. உலகப் பொருள்கள் எல்லோருக்குமாகவே படைக்கப்பட்டன. தனக்கென்று வைத்திருப்பவனும் அவை பிறருக்கும் பயன்படத்தக்கவை என்று எண்ணவேண்டும் என 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்தது. காணியும் நெல்லும் மட்டுமா பொருள்? பழங்காசும் பொருளே. “என்னிடம் உண்டு, உன்னிடம் இல்லை” என்பதற்காகச் சேர்ப்பவன் கஞ்சன். அவன் சேர்ப்பது பழமையானது என்பதால் அவன் கஞ்சத்தனம் பண்பாடாகிவிடாது. எங்கே கிடைத்தது என்று கேளாமல் வாங்குபவன் அதனினும் மோசம். வாங்குபவன் இல்லாவிட்டால் இரவிலே தோண்டுபவனும் இல்லை. மேசன் தம் மகளுக்காக விற்கிறார். வாங்குபவர் தம் அலுமாரிக்காக வாங்குகிறார். இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நீதியன்று.

வரி கொடுப்பது முறையா என்று ஆண்டவரைச் சோதித்தவர்களின் கதை உங்களுக்குத் தெரியும். அவர் ஒரு காசைக் காட்டும்படி கேட்டார். கவனித்தீர்களா? அவரிடம் காசு இருக்கவில்லை, கேட்டவர்களிடம் இருந்தது. செசாரின் உருவத்தைச் சுட்டிக்காட்டி அவரவர்க்குரியதை அவரவர்க்குக் கொடுக்கச் சொன்னார். காசில் செசாரின் சாயல் இருப்பதுபோல மனிதனில் கடவுளின் சாயல் இருக்கிறது என்று புனித அகுஸ்தீனார் மறையுரைகளில் விளக்குவார். 1898இல் புதுக்கோட்டையில் 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் செசாரின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருந்தது. ஏன் வெட்டினர் என்பதில் ஆராய்ச்சியாளர் ஒருமுகப்படவில்லை. செசாரின் சாயல் அவ்வளவுதான். ஓர் உளிக்கு நில்லாது. மனிதனிலுள்ள சாயலோ இறந்து மண்ணானவனிலும் மறைவதில்லை. ஆகவே செசாருக்குரியது இன்று யாருக்கும் உரியதன்று, செசார்களெல்லாரும் போய்விட்டார்கள். அந்தச் செப்புத் துண்டை மண்ணுக்குள் விட்டுப்போன பெயரற்ற மனிதனுக்குரியதை நாம் இன்னும் கொடுக்கவில்லை.

என் மேசை லாச்சி

இவ்வளவையும் எழுதிவிட்டு ஒன்றை மறைத்தால் நான் வெள்ளிப் பூச்சுப் பூசிய செம்பாவேன்.

குருவான புதிதில், தீவுப் பகுதிப் பங்கொன்றில் முதியவர் ஒருவர் எனக்கு இப்படியான காசொன்றைத் தந்தார். “சுவாமி வச்சிருங்கோ” என்றார். மகிழ்ச்சியோடு வாங்கினேன். எங்கே எடுத்தீர்கள் என்று கேட்கவில்லை. லாச்சிக்குள் போட்டேன், இடமாற்றம் வரும்போதெல்லாம் பேனாக்களோடு அதுவும் வந்தது. விருந்தினருக்கு எடுத்துக் காட்டிப் பெருமைப்பட்டதும் உண்டு. மேசன் வந்துபோன இரவு அதை எடுத்துப் பார்த்தேன். அந்த முதியவர் இறந்து பல ஆண்டு. அது எந்த வளவு, எந்தக் கரை என்று சொல்ல இனி ஒருவரும் இல்லை. களவெடுக்கவில்லை, விற்கவில்லை. ஆனாலும் அந்தக் காசின் நாக்கை அறுத்தவன் நானே. ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்.

அடுத்த கிழமை மேசன் மீண்டும் வந்தார். என் யோசனையைச் சொன்னேன்; லாச்சிக் காசையும் காட்டினேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “மூண்டை வித்துப்போட்டன், சுவாமி” என்றார். எவ்வளவுக்கு என்று நான் கேட்கவில்லை. மிகுதி ஒன்பதையும் மேசைமேல் வைத்தார். ஒரு கொப்பித் தாளையும் வைத்தார். மகள் கீறியதாம்: வளவு, கிணறு, வேலி, பனை, கிடங்கு, கிடங்கின் ஆழம் முழக் கணக்கில். நான் கேட்காமலே செய்திருந்தார். அறிவிக்கவேண்டிய இடங்களுக்கு இருவருமாய் அறிவித்தோம்; என்னுடைய ஊமைக் காசும் உடன் போயிற்று. மகளின் பணத்துக்குப் பங்கில் சிலர் கைகொடுத்தார்கள். ஏழையிடம் நேர்மையை எதிர்பார்க்கும் சமூகம் அந்த நேர்மையின் செலவில் தானும் பங்கெடுக்கவேண்டுமன்றோ?

விற்ற மூன்றும் இனி வரா. அதை மறைக்க வேண்டியதில்லை.

வாசகரே, உங்கள் வீட்டு அலுமாரியிலும் ஒரு பழங்காசோ, மணியோ, ஓலையோ கிடக்கலாம். தந்தவர் இன்னும் உயிரோடு இருக்கலாம். இன்றைக்கே போய், எங்கே கிடைத்தது என்று கேளுங்கள். கேட்டதை ஒரு தாளில் எழுதி அதனோடு வையுங்கள். நாளை கேட்போம் என்று விட்டால், என்னைப்போல, கேட்பதற்கு ஆளில்லாமற் போகும்.